மொட்டை மாடிக் கோபுரம்

வார்டன் ஜெபராணி வீடியோவைப் பின்னுக்கு ஓட்டி, பூங்குழலியை மறுபடியும் விழ வைத்தார்.

கணினித் திரையில் அவள் விழுவது எத்தனையாவது தடவையோ. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். எதிரே மூன்று நர்சிங் மாணவிகள் நின்றார்கள், விழுந்த பூங்குழலியும் அவர்களில் ஒருத்தி.

எல்லாவற்றுக்கும் காரணம் மூவரில் ஒருத்தியான ஹெப்சியின் செல்போன். அது முழுக்க வெளிநாட்டு சியர்லீடர் படங்கள். கிரிக்கெட் மைதான ஓரத்தில் ஆடுகிறவர்கள் அல்ல. பள்ளிக்கூடப் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி ஏறிக் கோபுரம் கட்டி, கோப்பைக்காக முட்டிக்கொள்ளும் கதைகள். யார் ஜெயிப்பார்கள் என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் மூவரும் கடைசிவரை ஒரே போர்வைக்குள் நகம் கடிப்பார்கள். யாருடைய நகம் என்றுகூடப் பார்ப்பதில்லை.

வார்டன் அந்த போனைப் பலமுறை பறிமுதல் செய்திருக்கிறார், பாஸ்வேர்டோடு. மறுநாள் அது சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்துபோய்த் திரும்பி வரும். போட்டோக்களை எல்லாம் நோண்டியிருப்பார் என்று மூன்றாமவள் மஹ்பூபி நடுங்குவாள்.

படம் பார்த்ததோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம், வேலூர் வெயிலில் ஹாஸ்டல் மொட்டை மாடிக்கு எவரும் வரமாட்டார்கள் என்று நம்பி, ஹெப்சியும் மஹ்பூபியும் கீழே நிற்க, பூங்குழலி அவர்கள் தோள்மேல் ஏறினாள். மாடியிலிருந்த கண்காணிப்புக் கேமராவுக்கு வெயில் உறைக்காது என்பது மூவருக்கும் தோன்றவில்லை. காயப்போட்டிருந்த மெத்தைமேல் விழுந்ததால் எலும்பு தப்பியது.

படிப்பு தப்புமா என்பதுதான் இப்போது கேள்வி. மாடியில் கால் வைத்தால் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று, ஹாஸ்டலில் சேர்ந்த அன்றே சொன்னவர் ஜெபராணி. நெமிலியில் நெல் பயிரிடும் பூங்குழலியின் அப்பா, மகளை அரை மனதோடுதான் படிக்க அனுப்பியிருந்தார். இங்கிருந்து ஒரு போன் போனால் அந்த அரை மனதும் போய்விடும்.

"மேல ஏறுனது நீதானா?" என்று கேட்டார் வார்டன்.

"ஆமா மேடம். அப்பாவுக்கு மட்டும் சொல்லிடாதீங்க மேடம். படிப்ப நிறுத்திடுவாரு."

ஏற்றிவிட்டது தான்தான், அனுப்புவதானால் தன்னை அனுப்புங்கள் என்று ஹெப்சி முன்னால் வந்தாள். தன் தோள்தான் முதலில் ஆடியது என்று மஹ்பூபியும் பங்கு கேட்டாள். குற்றத்துக்கு இவ்வளவு போட்டி வரும் என்று வார்டன் எதிர்பார்க்கவில்லை போலும். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார்.

ஹெப்சி கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தாள். மஹ்பூபியின் உதடுகள் தம் பாட்டுக்கு அசைந்தன. பூங்குழலி ஊர் மாரியம்மனுக்கு மொட்டை போடுகிறேன் என்பது வரைக்கும் போய்விட்டாள்.

ஜெபராணி வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகினார். நல்ல பருத்த கைகள். நேராக அவர்களை நோக்கி வந்தார். முதல் அடி யாருக்கு என்பது மட்டுமே பாக்கி என்று மூவரும் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டார்கள்.

"பேஷன்ட்ட ஸ்ட்ரெச்சருக்கு மாத்துற மாதிரி மூணு எண்ணித் தூக்கிட்டீங்க. அதான் விழுந்துட்டா. எட்டு எண்ணணும்டி. அந்தப் படத்துங்கள்ல இன்னாத்த பாத்தீங்க?"

வார்டன் காலை அகட்டி, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, உள்ளங்கைகளை மேலே விரித்தார்.

"ஏறு. கீழ நான் நிக்கிறேன்."