பட்டனுக்கு ஒத்துக்கொள்ளாதது

பட்டன் என்ற அந்தச் சின்ன நாய் இரண்டு வருடமாகச் சொறிந்துகொண்டே இருந்தது. ஜெசிந்தா முதலில் கோழியை நிறுத்தினாள். பிறகு பால், முட்டை, கடைசியில் அரிசியையும் நிறுத்தினாள். நாயின் வயிற்றில் முடி கொட்டிப் புண்ணாகியிருந்தது. தனியாக வாழ்ந்த அவள் அதை மடியில் போட்டு மருந்து தடவுவாள்.

மருத்துவர் புதிதாக வந்த கழுத்துப்பட்டை ஒன்றை மாட்டிவிட்டார். நாய்க்கு ஒத்துக்கொள்ளாதது பக்கத்தில் வந்தால் பட்டை சிவக்கும். அவர் நீட்டிய கோழிக்கும் பாலுக்கும் அது சிவக்கவில்லை. ஜெசிந்தா பட்டனைத் தூக்கியதும் சிவந்தது.

“சோப்பா இருக்கும் டாக்டர். மாத்திடறேன்.”

“சோப்பு இல்லம்மா. உங்க தோல்தான். சாப்பாட்டை வீணா நிறுத்தியிருக்கோம்.”

மருத்துவமனையில் வேலைபார்த்த மும்தாஜிடம் பட்டனை வளர்க்கக் கொடுத்தாள் ஜெசிந்தா. ஒரு மாதம் கழித்து மும்தாஜ் போன் செய்தாள்.

“அக்கா, புண்ணெல்லாம் ஆறிடுச்சு. முடியும் நல்லா வளந்திருக்கு. ஆனா எதை வச்சாலும் மோந்து பாத்துட்டுப் போயிடுது. வாசல்லயே படுத்திருக்கு. ஒரு தடவ வந்துட்டுப் போங்களேன்.”

ஜெசிந்தா கிளம்பிப் போய் அந்தத் தெருமுனையில் நின்றாள். காற்று மும்தாஜ் வீட்டுப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. வாசலில் படுத்திருந்த பட்டன் தலையைத் தூக்கிக் குரைக்கத் தொடங்கியதும், அவள் திரும்பி வேகமாக நடந்தாள்.