கடலோரச் சாலையில் ஒரு தனி வீரன்

ஐம்பத்தாறு வயதில், கடலோரச் சாலையில் தன்னந்தனியாக பைக்கில் போகிறேன் என்றதும் வீட்டில் சண்டை வரும் என்றுதான் நினைத்தேன். நர்ஸாக வேலை பார்க்கும் என் மனைவியோ, புது கறுப்பு ஜாக்கெட்டை தன் கையாலேயே மாட்டிவிட்டு, முதுகில் நாலு முறை அழுத்தித் தட்டிக்கொடுத்து வழியனுப்பினாள்.

பெட்ரோல் பங்க்கில் நான் இறங்குவதற்குள் ஊழியர் பின்னாலிருந்து ஓடிவந்து வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா சொல்லக் கூடாது சார், ராஜா மாதிரி ஓட்டுறீங்க."

அடுத்த ஊரில், கடலைப் பார்த்துப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்ததும் டீக்கடைக்கார அம்மா, நான் கேட்காமலே சர்க்கரை போடாத டீயை நீட்டினார். "இந்த வயசுல இவ்வளவு தைரியமா?"

முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறார்களே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்குப் போன் செய்தேன்.

"வழியெல்லாம் ஒரே மரியாதை. உனக்குத்தான் என் அருமை தெரியல."

"தெரியாமப் போச்சுங்க" என்றாள், வழக்கத்துக்கு மாறாக.

கலங்கரை விளக்கத்தருகே நின்ற ஒரு பெண்ணிடம் போனைக் கொடுத்தேன்.

"நான் கடலைப் பாத்து நிக்கிறேன். பின்னாலேர்ந்து எடும்மா."

எடுத்தாள். "செம கம்பீரம் அங்கிள்" என்று உதட்டைக் கடித்துக்கொண்டே போனைத் திருப்பித் தந்தாள்.

படத்தில் கடல் அழகாக விழுந்திருந்தது. என் முதுகில், ஆஸ்பத்திரியில் மருந்து பாட்டில்களில் எழுதி ஒட்டுவது போல ஓர் அகலமான வெள்ளை பிளாஸ்திரி. அதில் என் மனைவியின் கொட்டை எழுத்து:

"சர்க்கரை நோயாளி. முழங்கால் வலி; இறங்கும்போது வண்டியைப் பிடிக்கவும். இரண்டு வார்த்தை பாராட்டி அனுப்பவும். பாராட்டு கிடைக்கும்வரை வீடு திரும்பமாட்டார்."