ஹரிஷ் இருந்த அறை

"கதவுல பாதிக்குக் கண்ணாடி வேணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நீ என்னய்யா முழுசா இரும்புத் தகடு அடிச்சு வெச்சிருக்கே?"

கோவிந்தராஜன் போட்ட சத்தம் சமையலறை வரை கேட்டது. சீதாலட்சுமி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வெல்டிங் செய்துகொண்டிருந்தவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"கண்ணாடின்னா உடைக்கிறதுக்கு ஒரு கல்லு போதும் சார்."

"ஹால்ல உக்கார்றவங்களுக்குத் தெரியணும்ய்யா. உள்ள லைட்டு, சிவப்பு வெல்வெட்டு எல்லாம் எதுக்கு? நாலு பேர் பார்க்கத்தானே!"

"உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க சார். வெளியிலருந்து யார் கண்ணுலயும் படக் கூடாது."

"போலீஸே இவ்வளவு கேக்கல. நீ எதுக்கு என் உயிரை வாங்கறே?"

அவர் முகமூடியை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

அவர் பெயர் டொமினிக். லிங்கராஜபுரத்தில் கிரில் பட்டறை வைத்திருப்பவர். அவரை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. "இங்க துப்பாக்கி ரூமுக்குக் கதவு போடறதாக் கேள்விப்பட்டேன்" என்று ஒரு நாள் காலையில் அவராகவே அல்சூரில் இருந்த இந்த வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார்.

மொத்தம் ஒன்பது துப்பாக்கிகள். கோவிந்தராஜனின் அப்பா குடகில் காப்பித் தோட்டம் வைத்திருந்த நாளிலிருந்து சேர்த்தவை. நான்கு வருடமாகப் போலீஸ் ஸ்டேஷனில் கிடந்தன. பாதுகாப்பான தனி அறை கட்டி, போலீஸ் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால் திருப்பித் தரலாம் என்று இப்போதுதான் உத்தரவு வந்திருந்தது.

அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது ஹரிஷின் அறையை.

"வேண்டாங்க. அந்தச் சனியன் திரும்ப இந்த வீட்டுக்குள்ள வரவே வேண்டாம்" என்று சீதாலட்சுமி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"எங்கப்பா சேர்த்தது சீதா. துப்பாக்கியா தப்பு பண்ணிச்சு?"

"அப்போ வேற ரூமாவது பாருங்க. அது என் பிள்ளையோட ரூம்."

"அவன் இனிமே வந்து படுக்கப் போறானா?"

சீதாலட்சுமி உள்ளே போனாள். ஹரிஷின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து அட்டைப்பெட்டியில் வைத்தாள். ஒரு சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலை அடைக்கச் செங்கல் வந்து இறங்கியபோதுதான் எழுந்தாள்.

கதவுச் சண்டைக்கு மறுநாள் கோவிந்தராஜன் வெளியே போயிருந்தார். சீதாலட்சுமி காப்பி கொண்டுவந்து வைத்தாள். டொமினிக் தொடவில்லை. அந்த வீட்டில் அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

சுவரில் ஒட்டியிருந்த கிரிக்கெட் படங்களையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பையன் ஒட்டினது. ஒரே பையன்" என்றாள். "அவன் போனதுலருந்து இது வீடாவே இல்ல. அம்மான்னு ஒரு வார்த்தை கூப்பிட மாட்டானான்னு கிடக்கேன்."

டொமினிக் ஆணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

"அன்னைக்கு பீரோ திறந்து கிடந்துச்சு. தோட்டாவும் அதே பீரோவுல. நானாவது பூட்டியிருக்கலாம். தினம் அதையே நினைச்சு நினைச்சு சாகறேன். பெத்த வயிறு படற பாடு உங்களுக்குத் தெரியுமா டொமினிக்?"

அவர் அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும்மா."

முகமூடியை இறக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். வெகு நேரம் வரை தீப்பொறி எதுவும் கிளம்பவில்லை.

அடுத்த நாள் தோட்டாவுக்கென்று ஒரு தனி இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குத் தனிச் சாவி. ஒன்பது துப்பாக்கிகளின் விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள்ளும் நுழைத்துப் பூட்ட ஒரு நீளக் கம்பி. கீல்களை உள்பக்கமாக வைத்தார். ஒரு கீல் இம்மி ஆடியது என்று தானே அறுத்தெடுத்து மறுபடி பற்ற வைத்தார்.

"பைத்தியக்காரன்" என்றார் கோவிந்தராஜன். சீதாலட்சுமிக்கு மட்டும் அந்த மனிதரைப் பார்த்தால் ஏனோ கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. தன்னைப் போலவே அந்தத் துப்பாக்கிகளுக்குப் பயப்படுகிற ஒரு ஆள்.

வெள்ளிக்கிழமை சப்-இன்ஸ்பெக்டர் ரங்கநாதன் பார்வையிட வந்தார். கதவைத் தோளால் முட்டினார். பூட்டை இழுத்தார். கம்பியை ஆட்டிப் பார்த்தார்.

"பேங்க்லகூட இப்படி இருக்காது சார். யார் வேலை இது?"

"இதோ, இவன்தான். டொமினிக்."

மூலையில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார். ரங்கநாதன் சட்டென்று தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நீங்களா? நீங்க எப்படி இங்க...?"

"ஏன் சார், இவனைத் தெரியுமா?" என்றார் கோவிந்தராஜன்.

ரங்கநாதனின் குரல் இறங்கியது. "வக்கீலை மட்டும் அனுப்பாம நீங்க ஒரு நாளாவது கோர்ட்டுக்கு வந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். கேஸ்லருந்து விடுதலையாகி இன்னைக்கு மெல்போர்ன்ல சௌக்கியமா இருக்கிற உங்க ஹரிஷ், அந்தத் தீபாவளிக்கு மாடியிலருந்து விளையாட்டா சுட்டானே, கீழ பஸ் ஸ்டாப்புல நின்ன ஒரு பொண்ணு செத்துப் போச்சே, ஆஞ்சலா... அவளோட அப்பா சார் இவரு."

டொமினிக் யார் முகத்தையும் பார்க்காமல் சாவிகளைக் கோவிந்தராஜனிடம் நீட்டினார்.

"மறக்காமப் பூட்டிடுங்க சார். என் சின்னப் பொண்ணு ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வர தினமும் அதே பஸ் ஸ்டாப்புலதான் நிக்கிறா."