தண்டவாளத்துக்கு அங்கன

"ஒங்களுக்கு என்ன டீச்சர்! ஒங்க ஸ்கூலுக்கு வாரதெல்லாம் பொறுக்கி எடுத்த முத்துல்லா!"

வாழ்த்துச் சொல்லத்தான் டேவிட்சன் சார் வந்திருந்தார். வாயைத் திறந்ததும் இதுதான் வந்தது.

பேச்சிச்செல்வி டீச்சர் சிரித்தார். "மீன் ஏலம் முடிஞ்சு பத்து மணிக்கு வாரவன், உப்பளத்துல அம்மைக்குத் தொணை நின்னுட்டு வாரவ... இதுகளத்தான் முத்துங்கியளா சார்?"

இருவரும் தலைமை ஆசிரியர்கள். இரண்டும் மாநகராட்சிப் பள்ளிகள். நடுவில் ஒரு தண்டவாளம். இங்கே பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேர்ச்சி. அங்கே, டேவிட்சன் பள்ளியில், பாதிக்கு மேல் தேறவில்லை. இப்படியே போனால் அந்தப் பள்ளியை இதோடு சேர்த்துவிடுவோம் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

மேசைமேல் புதுக் கேடயம் பளபளத்தது. டேவிட்சன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே துறைமுகத்திலிருந்து வரும் நிலக்கரி லாரிகள் இரைந்துகொண்டு போயின.

"நானும் பாத்துப் பாத்துத்தான் சேக்கேன் டீச்சர். தேறாதுன்னு தெரிஞ்சா, எடம் இல்லன்னு வாசல்லயே அனுப்பிருவேன். அப்படியும் வெளங்க மாட்டேங்கு."

டீச்சர் கேடயத்தை ஓரமாக நகர்த்திவைத்தார்.

"உள்ள வரலாமா டீச்சர்?"

ஒரு பெண் எட்டிப்பார்த்தாள்.

"வாளா முத்து. இவதான் சார், தமிழ்ல தொண்ணூத்தொம்பது!"

"வணக்கம் சார். அப்பா இனிப்புக்கு மக்ரூன் வாங்கப் போயிருக்காவ. இப்ப வந்துருவாவ. அதுக்குள்ள போயிராதிய."

என்ன பேச்சு! அசல் தூத்துக்குடிப் பேச்சு. டேவிட்சன் கேடயத்தை விட்டு அவளைப் பார்த்தார். தலைமுறை தலைமுறையாக நல்ல தமிழ் புழங்குகிற வீடாக இருக்கும். இப்படி நாலு பிள்ளை கிடைத்தால் யார்தான் கேடயம் வாங்கமாட்டார்கள்?

"ஒன்ன மாதிரி ஒருத்தி என் ஸ்கூல்ல இருந்தா போதும்ளா," என்றார். முதல்முறையாக அவர் குரலில் பொறாமையை மீறி ஏக்கம் தெரிந்தது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் வந்தார். சட்டையெல்லாம் நிலக்கரித் தூசி. கையில் மக்ரூன் பெட்டி. டேவிட்சனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சார்! ஞாபகம் இருக்கா? நான் பீகார். மோத்தி அப்பா."

"எந்த மோத்தி?"

"நாந்தான் சார்," என்றாள் அந்தப் பெண். "எங்க பாஷைல மோத்தின்னா முத்து. டீச்சர் அப்படித்தான் கூப்பிடுவாவ."

அவள் அப்பா பெட்டியைப் பிரித்து, முதல் மக்ரூனை டேவிட்சனின் உள்ளங்கையில் வைத்தார்.

"மொதல்ல சாருக்குத்தான். சின்னப் புள்ளையக் கூட்டிட்டு உங்க ஸ்கூல் கேட்டுக்கு வந்தேன். 'இந்திக்காரப் புள்ள தேறாது, தண்டவாளத்துக்கு அங்கன போ'ன்னு வழி காட்டினது நீங்கதான் சார்!"