பெயர் கூவாத வீடு

காலை ஆறே முக்கால். அவளை இறக்கிவிட்ட பேருந்து பனிக்குள் மறைந்தது.

ஆறு தெரியவில்லை. அக்கரையும் தெரியவில்லை.

ஊர் மட்டும் கேட்டது.

முப்பத்தொரு வீடு. ஒரு சேவல். வாசலில் சாணம் தெளிக்கும் சத்தம். துறையில் யாரோ துணி அடிக்கிறார்கள்; ஒவ்வொரு அடியும் தண்ணீர்மேல் வழுக்கி இக்கரைக்கு வந்தது. விறகுப் புகையும் கூடவே வந்தது.

கண்ணை மூடிப் பார்த்தாள். திறந்தாள். இரண்டும் ஒன்றுதான்.

கால்விரல்களில் தண்ணீர் ஏறியபோதுதான் கரை முடிந்தது தெரிந்தது.

இந்தத் துறையில் பரிசலைக் கூப்பிட ஆள் பெயரைச் சொல்வதில்லை. போகும் வீட்டின் பெயரைத்தான் கூவ வேண்டும். கிணற்றுமேட்டு வீடு. புளியமரத்து வீடு. ஊரே கேட்கும். பரிசல் வந்து திரும்புவதற்குள் அந்த வீட்டு உலையில் இன்னொரு ஆளுக்கு அரிசி விழுந்திருக்கும்.

வீடு தெரியாமல் பரிசல் நகராது.

புளியமரத்து வீடு அவள் அப்பாவுடையது. அவர் இறந்த வருஷமே கூரையும் விழுந்துவிட்டது.

பரிசல்காரன் மாரப்பன் அவள் புருஷன்.

மூன்று வருஷத்துக்கு முன் அவளை இக்கரையில் கொண்டுவந்து இறக்கியவனும் அவன்தான். பையை எடுத்துக் கொடுத்தான். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. கேட்பான் என்று, மேடு ஏறும்வரை அவள் மெதுவாகத்தான் நடந்தாள்.

"ஓ..." என்று மட்டும் கூவினாள்.

துணி அடிப்பது நின்றது.

"ஊட்டுப் பேரு மறந்துபோச்சாக்கும்?" ஒரு பெண் குரல். பின்னாலேயே சிரிப்பு.

பரிசல் விளிம்பில் துடுப்பு ஒருமுறை தட்டியது. அவன் காத்திருக்கிறான்.

அவனுடைய வீட்டின் பெயரை இதுவரை யாரும் கூவியதில்லை. அங்கே போகிறவர்கள் அவனோடேயே போய்விடுவார்கள்.

வாயருகே கைகளைக் குவித்தாள்.

"பரிசக்காரரு ஊடு..."

குரல் பனிக்குள் போனது. சிரிப்பு அடங்கியது. சேவலும் கூவவில்லை. ஊர் இருந்த இடத்தில் வெள்ளை மட்டும் இருந்தது.

பையைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்துக்கொண்டாள்.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது.

பிறகு அவன் குரல், அவசரமில்லாமல், மிக அருகிலிருந்து வருவதுபோல:

"சித்த நேரமாகும். அடுப்புப் பத்தவெச்சுட்டு வரட்டா?"