கடைசி முட்டு

சென்ட்ரிங் பிரிக்கும்போது தளத்தைத் தாங்கி நிற்கும் கடைசி முட்டுக்கட்டையைத் தட்ட மேஸ்திரி மட்டும்தான் அடியில் போவார். கட்டினவன் தலை முதலில் கீழே நிற்கட்டும் என்பது வழக்கம். பிச்சாண்டி மேஸ்திரி யாரையும் நம்பாதவர், சிமெண்டைக்கூட. மற்ற முட்டுகளெல்லாம் ஒரே தட்டில் விழுந்திருந்தன. இது விழவில்லை. அண்ணாந்து பார்த்தார். தளத்தின் பாரம் மொத்தமும் இறங்கி சவுக்குக்கட்டை வில்லாக வளைந்திருந்தது. சுத்தியலைப் போட்டுவிட்டு அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

வெளியே நின்ற கையாள் இருளப்பன் சிரித்தான். “என்ன மேஸ்திரி, அது ஒம்ம சம்சாரமா?”

“மேல யாருடா நடக்கறது?”

“வீட்டுக்காரம்மா. பேரப்புள்ளைங்களோட மாடி பாக்க ஏறியிருக்காங்க.”

“மெல்ல எறங்கச் சொல்லு. கத்திச் சொல்லாத, போய்ச் சொல்லு.”

இருளப்பன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு படியேறினான். அதற்குள் மேலே பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட ஆரம்பித்திருந்தார்கள்.