மோந்து பார்க்கிற கேஸ்
ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று மணி வெயில் சுள்ளென்று அடிக்கிறது. உள்ளே, ஏலக்காய் எடுக்கிற அன்னமேரி கால் முறிந்து அலறுகிறாள். குடித்துவிட்டு ஜீப்பை அவள்மேல் ஏற்றியவர் எஸ்டேட் துரை. ஜீப் தள்ளாடி வந்ததை ஊரே பார்த்தது. ஓட்டியவர் பேரைச் சொல்லத்தான் ஒருத்தனுக்கும் வாயில்லை. போலீசிடம் காட்ட இப்போது துரைக்கு ஒரு குடிகார டிரைவர் வேண்டும். சாராயக் கிளாசை நீட்டுகிறார். "யாக்கோபு, இதுல வாயைக் கொப்பளிச்சுட்டு உள்ளே போ. டாக்டர் மோந்து பார்த்து எழுதிடுவார். அபராதத்தை எஸ்டேட் கட்டும்." டிரைவர் யாக்கோபுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. ஈஸ்டருக்கு முந்தைய தபசுகால நோன்பு தொடங்கியதிலிருந்து சொட்டுகூடத் தொடாதவன் அவன். கிளாசை அப்படியே கொண்டுபோய் டாக்டர் மேசையில் நங்கென்று வைக்கிறான். "தொரை என்னைக் கொப்பளிக்கச் சொன்ன சாராயம் இது, டாக்டரய்யா. குடிச்ச வாயி வெளிய நிக்குது. போயி அதை மோந்து பாருங்க!"